எழுவர் கோயில் பங்காளிகள்

எச்சில் தொட்ட பட்டையை உள்ளே தள்ளினால் போதும், யாருக்கு யார் என்ன உறவு என்று மரபுமானி பத்தே நிமிடத்தில் சொல்லிவிடும். வீட்டுக்கு வீடு மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஜமீன் வாரிசு என்று மீசை முறுக்கித் திரிந்தவர்கள் பலர் அது வந்தபின் வாயே திறக்கவில்லை.

வீரபாகுவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. எழுவர் கோயில் பங்காளிகள் அத்தனை பேரும், அம்மன் பெட்டியைத் தலையில் சுமந்து வந்த ஏழு அண்ணன் தம்பிகளின் வாரிசுகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை, கட்டக்கூடாது. அவர் மகள் மதிவதனியோ ஒரு பங்காளி வீட்டுப் பையனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"மானி சொல்லட்டும்ப்பா. ஒரே ரத்தம்னு வந்தா நான் விட்டுருதேன். இல்லன்னா நீங்களே முன்ன நின்னு நடத்தி வைக்கணும்."

"ஒரே ரத்தந்தான், ஏட்டி. வேணும்னா பாத்துக்கோ!"

சும்மா வந்த உறுதியல்ல அது. பையனை வளர்த்த அத்தை செண்பகத்தை நாற்பது வருடங்களுக்கு முன் அவர் உயிருக்கு உயிராக நேசித்தார். கோயில் கொடைத் திருவிழா நாளில், பொங்கல் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவள் சிரித்த சிரிப்பு இன்றும் அவரை என்னவோ செய்யும். முறை தப்பு என்றார்கள் பெரியவர்கள். அவர் விலகி வேறு பெண்ணைக் கட்டினார். அவள் யாரையும் கட்டவில்லை.

பையனின் பட்டையைச் செண்பகமே கொண்டுவந்தாள். வீரபாகு தன்னுடையதையும் சேர்த்துத் தள்ளினார். திரையில் எழுத்து வந்தது: 'தந்தை வழியில் உறவு இல்லை.'

"அட, எவனாவது தத்துப்பிள்ளையா இருந்திருப்பான்," என்று மற்ற ஐந்து வீட்டுப் பதிவுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. பிழைக்க வந்த ஏழு பேர் வழியில் கூடி, அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மதிவதனி ஓடிப்போய்ச் செண்பகத்தைக் கட்டிக்கொண்டாள். வீரபாகு செண்பகத்தின் பக்கம் திரும்பினார்.

"செண்பகம், அன்னைக்கே இந்த மானி இருந்திருந்தா..."

"மானி இல்லாமத்தான் நான் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னேன்," என்றாள் செண்பகம். "வராதது நீருதான்."