மொட்டைக்கு முடி வைத்தவர்கள்

தெருமுனை மின்கம்பத்தில் ஒட்டியிருந்த போலீஸ் நோட்டீசில், அந்த ஆளுக்குத் தலைமுடி இல்லை.

காலையில் பிரபாவதி பள்ளிக்கூடம் போகும்போது இருந்தது. மாலையில் தூறலில் நனைந்துகொண்டு திரும்பும்போது பார்த்தால், யாரோ பிளேடால் முடியையும் மீசையையும் மட்டும் பக்குவமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். முகத்தில் வேறு ஒரு கீறல் கிடையாது. ‘இவரைத் தெரியுமா?’ என்ற எழுத்துகள்கூட அப்படியே இருந்தன. நெற்றிக்கு மேலே காகிதம் உரிந்து, வெள்ளையாக, வழவழவென்று ஒரு மண்டை மட்டும்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். “கவி, உனக்கு இருக்குடி இன்னிக்கு” என்று பல்லைக் கடித்தாள். அந்த ஆளுக்கு முடி கிடையாது என்று கண்ணால் கண்டு தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். பிளஸ் டூ படிக்கிற அவள், மூன்றாவது படிக்கிற அவள் தங்கை கவிப்பிரியா. இன்னொருவனுக்கும் தெரியும். அந்த நினைப்பை அவள் மனசுக்குள் விடவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று நடந்தது அது. தெருவில் பாதி மலையடிவாரத்துக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு மணியம்மை அக்காவிடம் தைக்கக் கொடுத்த பாவாடையை வாங்கிவர இரண்டு பேரும் போனார்கள். கதவு திறந்தது. அக்கா வரவில்லை, ஒருவன் வந்தான். அப்போதுதான் மழித்த தலை, காயாத சந்தனம், நனைந்த மஞ்சள் வேட்டி. வேறு எந்த ஆளாக இருந்தாலும் “யாருங்க நீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். கிருத்திகை நாளில் சந்தனம் பூசிய மொட்டையைத் திருத்தணியில் யார் கேள்வி கேட்பார்கள்? ஒதுங்கி வழி விடுவார்கள். அவனோ இடுப்பு மடிப்பிலிருந்து திருநீறை எடுத்தான். இரண்டு பெண்களும் தலை குனிந்து நெற்றியைக் காட்டினார்கள். “அரோகரா” என்றுகூடச் சொன்னாள் கவி. அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கி, காவடிக் கூட்டத்தில் ஆயிரம் மொட்டைகளுக்கு நடுவில் ஒரு மொட்டையாகப் போய்விட்டான். திருநீறு பிசுபிசுவென்று இருந்தது. உள்ளே போனால், தையல் மிஷினுக்கு அடியில் அக்கா ரத்தத்தில் கிடந்தாள்.

போலீஸ் வருவதற்குள் அவர்கள் நெற்றியை அம்மா முந்தானையால் அழுந்தத் துடைத்துவிட்டாள். “பொம்பளப் புள்ளைங்க, நமக்கு எதுக்குடி இந்த வம்பு?” என்று கேட்டபடியே துடைத்தாள். அந்தத் துடைப்பு இன்னும் நெற்றியில் எரிந்தது.

ஆனால் அம்மாவை மன்னித்துவிடலாம். அந்தத் தனிப்படை இன்ஸ்பெக்டரை மன்னிக்க முடியுமா? தனிப்படை தங்கியிருந்த ஒரு கல்யாண மண்டபத்து அறையில் உட்கார வைத்து, போட்டோ ஸ்டூடியோ கண்ணையனைக் கம்ப்யூட்டரோடு வரவழைத்து, கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவளும் சொன்னாள். முகம் சரியாக வந்துகொண்டிருந்தது. “தலை?” என்றபோது “மொட்டை சார்” என்றாள். இன்ஸ்பெக்டர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“இந்த ஊர்ல மொட்டைப் படத்தை ஒட்டி எவனைம்மா பிடிக்கிறது? ஊரே சிரிக்கும். முடியை வைய்யா கண்ணையா. மீசையும் வை.”

“அவனுக்கு மீசை இல்ல சார்.”

“வளர்ந்திருக்கும்ல? நாங்க எத்தனை கேஸ் பாத்திருக்கோம். சின்னப் பொண்ணு, சொன்னதுக்குத் தலையாட்டு.”

முடிந்த படத்தைப் பார்த்ததும் கவி வீறிட்டு அழுதாள். “இது வேற மாமா! இது வேற மாமா!” யார் காதில் விழுந்தது? குழந்தை பயந்துவிட்டது என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் திணித்தார்கள். பிரபாவதி தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலில், கனகம்மாசத்திரத்தில் பஜ்ஜிக்கடை வைத்திருந்த பாலமுருகன் என்கிற அப்பாவி அதே கிராப்பு, அதே மீசையோடு மாட்டினான். விசாரித்துவிட்டு விட்டார்கள். இன்றைக்கும் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறான். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததுமே தங்கையின் காதைப் பிடித்துத் திருகினாள்.

“நோட்டீசை ஏன்டி சொரண்டுனே? போலீஸு பாத்தா நைனாவ இல்ல இட்டுகினு போவான்!”

“ஐயோ, நான் இல்லக்கா! அந்த மாமாதான் சொரண்டிகினு இருந்தாரு.”

“எந்த மாமா?”

“துன்னூறு வெச்ச மாமா. சரியா கீதான்னு என்னைக் கேட்டாரு.”

பிரபாவதியின் கை தானாக இறங்கியது. “நீ இன்னா சொன்னே?”

“ஆங், இப்பதான் சரியா கீதுன்னு சொன்னேன்.”

அம்மா அடிவாரத்துப் பூக்கடையில் இருந்தாள், கோயில் நடை சாத்தாமல் வரமாட்டாள். நைனா லாரியோடு புத்தூர் பக்கம் போயிருந்தார். இரண்டு பேருக்கும் போன் போட்டாள், எடுக்கவில்லை. தனிப்படைக்காரர்கள் கொடுத்த நம்பர் உபயோகத்திலேயே இல்லை. என்ன ஜென்மங்களோ! பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள். கவியை உள்ளே விட்டு, “யார் வந்து கூப்ட்டாலும் தொறக்காதே” என்று சொல்லி, முன்கதவை வெளியே பூட்டி, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள். போகிற வழியில் ஒவ்வொரு கம்பத்தையும் பார்த்துக்கொண்டே போனாள். பால் பூத்துக்குப் பக்கத்தில், ரேஷன் கடைச் சுவரில், ஆஞ்சநேயர் கோயில் திருப்பத்தில் என்று எல்லா நோட்டீசிலும் அந்தப் பொய் முடி இருந்தது, பொய் மீசை இருந்தது.

மண்டபத்தில் ஏட்டு ஜெயப்பிரகாஷ் மட்டும்தான் இருந்தார். தெருமுனை நோட்டீசை வரும் வழியில் போனில் எடுத்திருந்தாள், அந்தப் படத்தைக் காட்டினாள். அவர் டீயை உறிஞ்சிவிட்டுப் பார்த்தார்.

“கவர்மென்ட் நோட்டீசைக் கிழிச்சிட்டு, எங்கிட்டயே வந்து கதை சொல்றியா?”

“நான் கிழிக்கல சார். அவன் வந்துகீறான். எங்க தெருவுலயே கீறான். என் தங்கச்சிகிட்ட பேசிகீறான்.”

“யாரு, மறுபடியும் அந்த மொட்டையா?” அவர் கொட்டாவி விட்டார். “இத பாரு, மீசை வெச்ச ஆளைத்தான் நாங்க தேடிகினு கீறோம். நீ தலையாட்டின படம்தானே அது? நாளைக்கு ஐயா வருவார், வந்து சொல்லு.”

“நாளைக்கு வரைக்கும் எங்களை எவன் பாத்துக்கிறது? சொன்னப்போ கேட்டீங்களா? குழந்தை அழுதாளே, கேட்டீங்களா? முடி வெச்சி, மீசை வெச்சி, அவனை நீங்கதான் சார் ஒளிச்சி வெச்சீங்க!”

அவள் கத்திய கத்தலில் மண்டபத்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். “வயசுப் பொண்ணு, இவ்ளோ வாய் ஆகாது” என்றார் ஏட்டு. அவ்வளவுதான் அந்த ஊர் சட்டம். அழுகை வந்தது. இவன்கள் முன்னால் அழுவதா என்று அதை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

தூறல் நின்றிருந்தது. தெருவிளக்குகள் மினுக்மினுக்கென்று எரியத் தொடங்கின. மலைமேலிருந்து நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் கரகரத்து வந்தது, எங்கோ பால் தீய்ந்த வாடை அடித்தது, ஈரத் தார் ரோட்டில் பேருந்துகளின் வெளிச்சம் நீண்டு நீண்டு ஓடியது, அத்தனைக்கும் நடுவில் அவள் ஏட்டையும் இன்ஸ்பெக்டரையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே நடந்து ஆஞ்சநேயர் கோயில் திருப்பத்துக்கு வந்து நிமிர்ந்தாள்.

நோட்டீசில் முடி இல்லை.

போகும்போது இருந்ததே! கிட்டே போனாள். மீசையும் இல்லை. சுரண்டிய காகிதத் துகள் சுருள் சுருளாகக் கம்பத்தடியில் கிடந்தது. மற்ற இடமெல்லாம் நனைந்திருக்க, அந்தத் துகள் மட்டும் காய்ந்திருந்தது. மழை நின்ற பிறகு சுரண்டியது.

ரேஷன் கடைச் சுவர். அங்கேயும் மொட்டை. பால் பூத். மொட்டை. அவள் போன வழியாகவே, அவள் வீட்டைப் பார்த்து, ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போயிருக்கிறான். கண்கள் அதே கண்கள். முடியும் மீசையும் போனதும் அந்தச் சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

ஓடினாள்.

தெருவில் டிவி சத்தம். யாரும் வாசலில் இல்லை. “கவி!” என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. இந்தத் தெருவே அப்படித்தான், மணியம்மை அக்கா கத்தியபோதும் திறக்கவில்லை.

பூட்டு பூட்டியபடி இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்த மூச்சில் சந்தன வாசம். புதுச் சந்தனம். அவர்கள் வீட்டில் சந்தனமே கிடையாது.

உள்ளே சத்தம். சரக். நிறுத்தம். சரக். தண்ணீர் சொட்டும் சத்தம். மறுபடி சரக்.

சாவி துவாரத்தில் ஏறவில்லை. திருப்பிப் பிடித்துக் குத்தினாள். ஏறியது. திறந்தது. முன்னறையில் இருட்டு. சமையலறையில் மட்டும் விளக்கு. சத்தம் நின்றுவிட்டது.

“கவி?”

கவி மணைமேல் சம்மணமிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் முடி. ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னல் இரண்டும் ஈரத்தரையில் கிடந்தன. பிஞ்சுத் தலை முழுக்க மழித்து, வழித்து, சந்தனம் அப்பியிருந்தது. சந்தனம் கழுத்து வழியே வழிந்துகொண்டிருந்தது.

குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“வலிக்கவே இல்லக்கா. இனிமே நம்மள யாராலயும் கண்டுபுடிக்க முடியாதாம்.”

நம்மள.

பின்கதவுத் தாழ்ப்பாள் உள்ளிருந்தே நீக்கியிருந்தது. பக்கத்தில் இன்னொரு மணை. காலி. அதற்கு முன்னால் சொம்பில் தண்ணீர். கிண்ணத்தில் சந்தனம். நிறைய.

கத்த வாயைத் திறந்தாள். யாரைக் கூப்பிட்டுக் கத்துவது? பின்னால் முன்கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம் முன்னறையைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஈர விரல்கள் அவள் பின்னலை எடுத்து, அவசரமே இல்லாமல், நுனியிலிருந்து அவிழ்க்கத் தொடங்கின.