முத்திரையிடாத மன்னிப்பு

செவ்வாயின் ஏழாம் குடியேற்றத்தில் முன்னேட்டில் எழுதாமல் ஒரு விளக்குகூட எரியாது. எந்தக் கட்டளையும் முதலில் அந்த ஏட்டில் பதியும். எழுதியவர் கட்டைவிரல் முத்திரை வைப்பார். அதன்பிறகே பெருங்கணினி மூலப்பதிவேட்டில் கைவைக்கும். நடுவில் மின்சாரம் போய்த் தொலைந்தால், கணினி விழித்ததும் முன்னேட்டைத்தான் புரட்டும். முத்திரை இருந்தால் வேலையை முடித்துவிடும், இல்லாவிட்டால் குப்பையில் போடும். அரைகுறை என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த விதியை எழுதியவள் பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் செங்கமலம்.

அன்று காலை அவள் எழுதியது ஒரே வரி: 'இன்று பூமிக்குத் திரும்பும் கலத்தில் கோதண்டபாணியின் இருக்கை ரத்து.' எழுதிய கையோடு முத்திரையும் வைத்தாள். நண்பகலில் மூலப்பதிவேடு மாறிவிடும். அடுத்த கலம் பதினோரு ஆண்டு கழித்துத்தான். இங்கேயே கிடந்து சாகட்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் புழுதிப்புயலில் வெளிக்கதவை நான்கு நிமிடம் முன்னதாக மூடி, அவள் தம்பி மாறனை வெளியே சாகவிட்டவன் அவன். விசாரணையில் கடிகாரத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பினான். இன்றுவரை அதே கதவில்தான் அவனுக்கு வேலை.

பதினொன்றரைக்கு அவனே பெட்டியோடு வந்து நின்றான்.

"போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு தோணுச்சு. கடிகாரம் சரியாத்தான் ஓடுச்சு. நான்தான் பயந்துபோய் மூடிட்டேன். மாறன் கதவைத் தட்டுனது கேட்டுச்சு."

செங்கமலத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"தைரியம் இல்ல. எங்கம்மாவுக்கு இப்ப சுத்தமா கண்ணு தெரியல. அவங்க முன்னாடி போய் நிக்கிறப்ப இந்தப் பொய்யும் கூட வர வேணாம்னுதான்."

மூன்று ஆண்டுகளாக அவள் கேட்க ஏங்கியது அந்த ஓர் உண்மையைத்தான். வெறுப்பு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் கண் தெரியாத அந்தத் தாய் என்ன பாவம் செய்தாள்?

"உங்க சீட்டைக் காலைல ரத்து பண்ணிட்டேன்," என்றாள். அவன் முகம் வெளுத்தது. "போங்க. திருப்பிப் போட்டுடுறேன்."

வேண்டாவெறுப்பாகத்தான் எழுதினாள்: 'மேற்படி ரத்து செல்லாது.' முத்திரை வைக்கவில்லை. சில்லறை வரிகளைச் சேர்த்துவைத்து, நண்பகலுக்குச் சற்று முன் மொத்தமாக விரல் வைப்பது பதிவறைக்காரர்களின் வழக்கம்.

பத்தே நிமிடத்தில் புழுதி வந்து மின்சாரத்தை அடித்துப்போட்டது. மின்சாரம் திரும்பியதும் கணினி தன் கடமையைச் செய்தது. காலை எழுதிய வரியில் முத்திரை இருந்தது; நிறைவேற்றியது. பிந்தைய வரியில் இல்லை, தள்ளியது. புயலுக்குப் பயந்து தயாராக நின்ற கலம், பயணிகள் பட்டியல் கைக்கு வந்ததுமே கிளம்பிவிட்டது. திரையில் பச்சை எழுத்துகள் வந்தன: 'மீட்பு முடிந்தது. இழப்பு ஏதுமில்லை.'

கோதண்டபாணி பெட்டியோடு திரும்பி வந்தான்.

"நான் எழுதிட்டேங்க. கரண்டு போனதுல மெஷின்..." என்று இழுத்தாள் செங்கமலம்.

"மெஷின் மேல பழியா?" என்றான். அவனுக்கு நன்றாகத் தெரிந்த சாக்கு அது. மூன்று ஆண்டுகளாக அவள் அவனைப் பார்த்த அதே பார்வையோடு இப்போது அவன் அவளைப் பார்த்தான்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரிலிருந்த வேலைப் பட்டியலை நிதானமாகப் படித்தான்.

"நாளைக்கு வெளியில போய் ஆன்டெனா பார்க்கிற முறை உங்களோடதுதானே? புயல் இன்னும் ஓயலையாம். கதவுல நான்தான் இருப்பேன்."