கேட்டு வாங்கிய வீடு

“பெரியம்மாட வீட்டுச் சாவியத் தாங்க.”

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. கஜானிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டில் கேட்கக் கூடாதென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதைக் கேட்டுவிட்டு அவள் கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

“கேட்டுப்போட்டியா மனே,” என்றாள் அம்மா.

திட்டவில்லை. அதுதான் கஜானிக்கு ஒருமாதிரி இருந்தது.

வாவிக்கரை ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் பேசும்போது பெற்றவர்கள் எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து ஏறுவான். பிள்ளை தானாக வாய் திறந்து கேட்பதில்லை. கேட்டவள் ஒருத்திதான், அம்மாவின் அக்கா ஆச்சிப்பிள்ளை. கலியாணமும் வேண்டாம் ஒருத்தனும் வேண்டாம், வீட்டை மட்டும் தாருங்கள் என்று வாங்கிக்கொண்டு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போனவள் பிறகு அந்த வீட்டு வாசல் படலையைத் தாண்டவேயில்லை. ஒருவழியாகத் தாண்டியபோது நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“அவ கேட்டா. அந்த வீட்டுல இருக்கிறது குடுத்திச்சு,” என்றாள் அம்மா, இறாலைப் பார்த்தபடி. “குடுத்தா வாங்கலாம் மகள். கேட்டு வாங்கப்படாது.”

“அப்ப எனக்கு ஆர் தரப்போறா? வேல தந்தாங்களா? வந்தாறுமூலை கம்பஸில விலங்கியல் படிச்சிப்போட்டு, காந்தி பூங்காவுக்கு முன்னால வேல கேட்டு எழுதின மட்டையும் பிடிச்சிக்கொண்டு குந்தினன். என்ன கிடைச்சிது? வெயில்தான் கிடைச்சிது. இப்ப நானாப் பாத்து ஒரு தொழில் செய்யிறன், அதுக்கும் இந்த வீட்டுல இடமில்ல எண்டுறீங்க.”

தொழில் என்று அவள் சொன்னது கரப்பொத்தான் வளர்ப்பு. நம் குசினியில் ஓடுகிற சாதி இல்லை. மடகஸ்காரிலிருந்து வந்த இனம். கட்டைவிரல் பருமன், சிறகு கிடையாது, தொட்டால் சீறும். ஆசைக்கு வளர்ப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், கண்டியில் இருக்கிறார்கள். கஜானி பிளாஸ்டிக் பெட்டிகளை வெட்டி ஒட்டி அவற்றுக்கு வீடு கட்டி, குடும்பம் குடும்பமாகக் குடிவைத்துக் கொடுப்பாள். வாங்கி விற்பவன் அவளோடு கம்பஸில் படித்த றிப்ஷான். ஓட்டமாவடியில் பறவைக் கடை வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டார் நாற்றம் என்று பிரதேச சபைக்குப் போய் நின்றபிறகு, அந்தப் பெட்டிகளை வைக்க ஓரிடம் வேண்டியிருந்தது.

அம்மா கையைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொண்டுவந்து வைத்தாள். கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தாள்.

றிப்ஷானின் ஓட்டோவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தைக் கடக்கும்போது மாரி மழை பிடித்துக்கொண்டது. வாவியும் வானமும் ஒரே சாம்பல் நிறம்.

“கரப்பொத்தானுக்கெல்லாம் நீ ஊடு கட்டிக் குடுக்காய். ஒனக்கொரு ஊடு கட்டித்தர ஆருமில்ல, பாத்தியா புள்ள?”

“வாய மூடிட்டு ரோட்டப் பார்.”

பெரியம்மாவின் வீடு வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஓட்டுக்கூரை, தடித்த சுவர்கள், நடுவில் ஒரு பெரிய அறை. உள்ளே கால் வைத்ததும் கஜானி மூக்கை உறிஞ்சினாள். பூட்டிக்கிடந்த வீட்டின் பூஞ்சண வாடை இல்லை. இனிப்பும் புளிப்புமாக, கதகதப்பாக, அவளுக்கு நன்றாகப் பழகிய வாடை. நெடுநாள் திறக்காத பெட்டியின் மூடியை எடுத்தால் முகத்தில் அடிக்குமே, அது.

பெட்டிகளோடுதான் வந்திருக்கிறேன், அதுதான் என்று எண்ணிக்கொண்டாள்.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. செய்யச் செய்யக் கைபேசியில் குரலைப் பதிந்து வாங்குபவர்களுக்கு அனுப்புவது அவள் வழக்கம். வெற்று அறையில் அவள் குரல் தெளிவாக ஒலித்தது. “மூடிய நடுவால வெட்டி நைலோன் வலைய ஒட்டுங்க. ஓரத்த முழுக்கப் பசையால அடைச்சிடுங்க. முட்ட அடுக்கி வாற அட்டத் தட்டுகளப் படுக்கப் போடாதீங்க, நிமித்தி வையுங்க. ரெண்டு பக்கமும் உடம்பு படுற மாதிரி ஒடுக்கமா இருந்தாத்தான் அதுகளுக்கு நிம்மதி. பெட்டிக்கு உள்பக்கமா, விளிம்புக்குக் கீழ, ரெண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லின் பூசுங்க. கால் வழுக்கும், ஏறாது. பூசணிக்கீத்து ஒண்டு, நனைச்ச பஞ்சு ஒண்டு. கொஞ்சம் சூடு. வேற ஒண்டும் தேவல்ல. அதுகள் வெளிய போகணும் எண்டே நினைக்காது.”

பேசி முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த யாரோ மூச்சு விட்டதுபோல் இருந்தது.

ஒரு காலையில் அவள் பாய்க்குப் பக்கத்தில் சாசரில் ஒரு பூசணிக்கீற்று இருந்தது. பக்கத்தில் நனைந்த பஞ்சு. தூக்கக் கலக்கத்தில் நானே வைத்திருப்பேன் என்று அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். அடுத்த காலையிலும் இருந்தது. அதற்கடுத்த காலை பசியாக இருந்தது. மழையில் கடைக்குப் போகச் சோம்பல். கீற்றை அவித்துத் தின்றாள்.

இரவில் தரை இளஞ்சூடாக இருக்கத் தொடங்கியது. மாரியிலே இப்படியொரு சுகமா என்று சுருண்டு படுத்தாள்.

முட்டைத் தட்டுக் கட்டுகளைச் சுவரோரமாக அடுக்கியிருந்தாள். இப்போது அவை பாயின் இருபக்கமும் நிமிர்ந்து நின்றன. இடம் பற்றவில்லையென்று தானே நகர்த்தியிருப்பாள். நடுவில் படுத்தால் தோள்கள் இரண்டும் தட்டில் உரசின. நன்றாகத் தூக்கம் வந்தது.

றிப்ஷான் அழைத்தான். “என்ன புள்ள, பெட்டியெல்லாம் எங்க? ஊட்ட விட்டு வெளிய வந்து எத்தின நாள்?”

“வேல கிடக்கு.”

“ஒன்ட சத்தம் என்ன ஒருமாதிரி இரிக்கி?”

“எப்பிடி?”

“மூக்கால காத்துப் போற மாதிரி. சீறுற மாதிரி.”

அழைப்பைத் துண்டித்தாள். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அந்தக் கோபந்தான் அவளைக் கொஞ்சம் உலுப்பியது. எத்தனை நாள்? உண்மையாகவே தெரியவில்லை. இந்தா போறன் என்று எழுந்து, போவதற்கு முன் பெட்டிகளுக்குக் காற்றுப்படட்டும் என்று மூடிகளைத் திறந்து, விளிம்பு வாஸ்லினையும் துடைத்துவிட்டாள்.

ஒன்றுகூட ஏறி வரவில்லை.

தட்டுகளின் இடுக்கில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருந்தன. மீசைகள்கூட அசையவில்லை. மேலே வழி திறந்து கிடந்தது.

அவளுக்குத் தன் பாய் ஞாபகம் வந்தது.

நட்ட நடுப்பகல். ஆனாலும் மழையிருட்டு அறையை மூடியிருந்தது. வெளிச்சத்துக்காக யன்னலை நோக்கி நடந்தாள். யன்னலில் நைலோன் வலை. ஓரம் முழுக்க, துளி துளியாகப் பசை. கூரைக்கும் சுவருக்கும் இடையில் குருவி வந்துபோன இடைவெளியிலும் வலை. பசையை அப்படிப் புள்ளி புள்ளியாக வைப்பது அவள் கைப்பழக்கம். அவள் வைக்கவில்லை.

வலையைப் பிய்க்கக் கையை உயர்த்திச் சுவரில் ஊன்றினாள்.

வழுக்கியது.

தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை. நாலு சுவரையும் சுற்றி ஓடியது. கதவின்மேல் ஓடியது. கதவின் தாழ்ப்பாள் மேலே இருந்தது. அதையும் மூடிக் கொழகொழவென்று ஓடியது.

உள்பக்கமாக.

பிடித்தாள். விரல்கள் நழுவின. மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் நழுவின.

அப்போது மேலே இருந்த மங்கல் வெளிச்சமும் மறைந்தது. யாரோ குனிந்து பார்ப்பதுபோல. பெட்டிக்கு மேலே அவள் குனியும்போது கரப்பொத்தான்களுக்கு எப்படி இருண்டிருக்குமோ, அப்படி.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மகள்!”

கதவுக்கு வெளியே அம்மா. பின்னால் ஓட்டோ இரையும் சத்தம்; றிப்ஷான்தான் கூட்டிவந்திருக்கிறான்.

“அம்மா, தள்ளுங்க! கதவத் தள்ளுங்க!”

“தள்ளிப் பாத்தம் மனே. அசையுதில்ல.” அம்மா கதவோடு வாய் வைத்துக் கிசுகிசுத்தாள். “கேள். வேற வழி இல்ல. வீட்ட எனக்குத் தா எண்டு நான் அதுக்கிட்டக் கேக்கப் போறன். எனக்குக் குடுத்தா உன்ன விட்டிடும்.”

“விசர்க்கத கதைக்காதீங்க!”

“நான் இருந்திட்டுப் போறன். எனக்கென்ன, வயசு போயிட்டுது. நீ படிச்ச பிள்ள.”

கஜானிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. படித்த பிள்ளை. அந்தச் சொல்லுக்காக அம்மா நகையை அடகு வைத்து வெறுங்காதும் வெறுங்கழுத்துமாக நின்றதெல்லாம் போதாதா? இன்னும் உடம்பையும் வைக்கவா?

அறையின் மூலையிலிருந்து நீளமாக ஒரு சீறல் எழுந்தது. ஆசையாகத்தான் சீறியது. இரண்டு பேரில் யார் என்று அதற்குக் கவலையில்லை.

“அம்மா, வாயத் திறந்தா என்னக் காணமாட்டீங்க. சொல்லிப்போட்டன்!”

கரப்பொத்தான் எப்போது தப்பும்? வளர்க்கிறவளுக்குத் தெரியும். பூச்சில் தூசி ஒட்டினால் காலுக்குப் பிடி கிடைத்துவிடும். பெட்டியொன்றைக் கவிழ்த்தாள். அடியில் சேர்ந்திருந்த எச்சத்தூளை இரண்டு கையாலும் அள்ளித் தாழ்ப்பாளில் அப்பினாள். மறுபடி அப்பினாள். கழுத்துப் பின்னால் சூடான மூச்சுப் பட்டது. தோள்கள் இரண்டிலும் முட்டைத் தட்டுகள் வந்து மெதுவாக, அணைப்பதுபோல, உரசின.

நிம்மதியாக இருந்தது. அதுதான் பயம். ஒரு கணம், இருந்துவிடலாம் என்றே இருந்தது.

“வேணாம்,” என்றாள் கஜானி. குரல் கரகரத்தது. பிறகு கத்தினாள். “இந்த வீடு எனக்கு வேணாம்! கேட்டது பிழதான், திருப்பித் தாறன், பிடி! என்ட அம்மாக்கும் வேணாம்! எங்கட சாதிசனத்தில ஒருத்திக்கும் வேணாம்!”

தாழ்ப்பாள் கரகரவென்று அசைந்து விலகியது.

மழை முகத்தில் அடித்தது. அம்மா அவளைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. றிப்ஷான் எட்டி உள்ளே பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

“பெட்டி? பூச்சியெல்லாம் உள்ளுக்கு…”

“கிடக்கட்டும். உன்ட கடைக்குப் பின்னால ஒரு கொட்டில் இருக்கெண்டியே. வாடகைக்குத் தா. புதுசாத் தொடங்குவம்.”

“பொம்புளப் புள்ள ஓட்டமாவடியில தனியவா? ஊர் என்ன…”

“ஊர் கதைக்கட்டும்.”

“வீட்டப் பூட்டு மகள்,” என்றாள் அம்மா.

“பூட்டுறதுக்கு அது எங்கட வீடா?”

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படலையை நோக்கி நடந்தாள். சேறு காலை இழுத்தது. முற்றத்தில் பாதி தாண்டியபோது, திறந்து கிடந்த கதவுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. நிதானமாக, யாருக்கோ சொல்லிக்கொடுக்கும் குரல். கஜானியின் குரல்.

“மூடியத் திறந்தே வையுங்க. பயப்பட வேணாம். சூடு பழகிட்டா, அதுகளே திரும்பி வந்திடும்.”

அப்படியொரு பாடத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

கஜானி அம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். திரும்பிப் பார்க்காமல், படலையைத் தாண்டினாள்.