மாசியில் வியர்த்த சுவர்

மாசி மாதத்தில் சுவர் வியர்க்காது. ஆனாலும் வேலை முடிந்து வந்த தாஜுதீன், விளக்கைக்கூட ஏற்றாமல் பின்னறைச் சுவரில் கை வைத்தபோது உள்ளங்கை நனைந்தது. வெதுவெதுப்பான ஈரம். தன் கைதான் வியர்த்ததோ என்று சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். அதே ஈரம்.

அந்த அறையில் பூசணத்தை ஒழிக்கச் செய்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதியிருந்தான். உலர்ந்தபடி சுரண்டினால் தூள் பறக்கும் என்பதால் முதலில் நனைத்து, சோடா உப்புத் தண்ணீரால் இரண்டு முறை தேய்த்து, ஊறிப்போன காரையைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, நாள்கணக்கில் காற்றாட விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே சுண்ணாம்பு. அடித்து ஒன்பது நாள் ஆகிறது. எதையாவது விட்டுவிட்டோமோ? விடவில்லை.

வேலைக்கு வந்த அன்றே கொத்தனார் அருள்நாதன் சிரித்தார். "ஊறுகா ஜாடி மாதிரில்ல மூடி வெச்சிருக்கீங்க பாய்! ஜன்னல் இடுக்கெல்லாம் துணி. உள்ள வேது வேற புடிச்சீங்களாக்கும்? ஆவி எங்க போகும், செவுத்துலதான் குடியிருக்கும். இதுல மனுசன் படுத்தா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?"

தாஜுதீன் குனிந்து அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக உருவினான்.

ஐப்பசி முழுவதும் நான்கு வயது மகள் ஆபிதாவுக்கு இழுப்பு. "குளுருது அத்தா" என்றாள். பழைய கைலியைக் கிழித்து ஜன்னல் இடுக்குகளை அவன்தான் அடைத்தான். நொச்சி இலை போட்ட பானை இரவும் பகலும் கொதித்தது. அவள் தலைமாட்டில் சுவர் கறுத்ததை விளக்குப் புகை என்று நினைத்தான். கார்த்திகையில் அவள் மூச்சு நின்றது.

பிரசவத்துக்கு உப்பிலியபுரம் போன மனைவி ரஷீதா, நாற்பது நாள் கழிந்து, இன்று கைக்குழந்தையோடு வருகிறாள். உறையூரில் இந்தச் சின்ன வீட்டில் படுக்க வேறு அறை இல்லை. அவள் கடிதத்தில் ஒரே கேள்விதான்: அந்த அறை சரியாகிவிட்டதா?

விளக்கை ஏற்றினான். வெள்ளைச் சுவரில் சாம்பல் புள்ளிகள், பழைய இடத்திலேயே. நொச்சி வாசனை.

காலையில் திறந்து வைத்துவிட்டுப் போன ஜன்னல் சாத்தியிருந்தது. இடுக்குகளில் கைலித் துண்டுகள். அவன் கொளுத்திச் சாம்பலாக்கிய அதே நீலக் கட்டம்.

கீழ் இடுக்குகளில் மட்டும். நான்கு வயதுக் குழந்தை நுனிக்காலில் நின்றால் கை எட்டும் உயரம்வரை.

அதற்கு மேல் இடுக்குகள் திறந்திருந்தன. குளிர்காற்று வந்தது.

திறந்துவிட வேண்டும். கைக்குழந்தை வருகிறது. தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"குளுருது அத்தா."

முதுகுக்குப் பின்னால். இடுப்பு உயரத்தில்.

அவன் திரும்பவில்லை. அழுதான். தாழ்ப்பாளை விட்ட கை கொடியில் கிடந்த கைலியை இழுத்தது. கிழித்தான். மேல் இடுக்குகளை ஒவ்வொன்றாக அடைத்தான்.

வாசலில் குதிரை வண்டி நின்றது.

"ஏங்க, கதவைத் திறங்க. புள்ள தூங்குது. தூளி கட்டிட்டீங்களா?"

கட்டியிருந்தான். காலையில்தான். ரஷீதாவின் வெளுத்த சேலையில்.

இப்போது அதன் அடி கனத்துத் தொங்கியது. துணியெங்கும் சாம்பல் புள்ளிகள். உள்ளே மூச்சு இழுத்தது. விட்டது. இழுத்தது.