மிச்சம் வைத்த மூச்சு

“இருமல் இல்லை, சளி இல்லை. இந்த மனிசன்ரை நெஞ்சு எப்பிடி ஐயா பழுதாகும்?”

அல்போன்சம்மா டொக்டரிடம் கேட்டாள். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர்களைச் சோதித்தபோது, மூச்சளக்கும் மிசின் அவள் புருஷன் பஸ்ரியாம்பிள்ளையின் மூச்சைப் பாதியாகத்தான் காட்டியது. அதற்குள் அல்லைப்பிட்டி முழுக்கக் கசநோய் என்று கதை பரவிவிட்டது. அவள் மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த அருளப்பு, கலியாணப் பேச்சை நிறுத்திவிட்டார். டொக்டர் சொல்லியனுப்பியதால் இன்று அவரும் வந்து வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் அவள் வெட்கத்தால் குறுகிப்போனாள்.

“மிசின்தான் பழுது, ஐயா!” என்று துள்ளினார் கம்பவுண்டர் சரவணமுத்து.

“அப்ப நீர் ஊதும் பாப்பம்” என்றார் டொக்டர் இராசநாயகம்.

சரவணமுத்து மிசினின் குழாயில் ஊத, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்திருந்த தகரப் பேணி ஒழுங்காக மேலெழுந்தது. பிறகு பஸ்ரியாம்பிள்ளை மூன்று தரம் ஊதினார். பேணி மூன்று வேறு உயரங்களில் நின்றது. கடைசித் தரம் குழாயை வாயிலிருந்து எடுத்தவர், கையில் இருந்த ஈயை உடனேயே உஸ்ஸென்று ஊதிக் கலைத்தார்.

டொக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்.

“மிசின் சரி. நெஞ்சிலையும் இரைச்சல் இல்லை. நோயெண்டால் மூண்டு தரமும் ஏறக்குறைய ஒரே அளவு வரவேணும்.”

“அப்ப?” என்றார் சரவணமுத்து.

“முழுக்க ஊதி முடிச்சவன் உடனை மூச்சை உள்ளை இழுப்பான். இவர் இழுக்காமலே இலையானை ஊதினவர். காத்து மிச்சம் இருந்தது. ஏன் ஒளிச்சனீர், பஸ்ரியாம்பிள்ளை?”

அவர் தலை கவிழ்ந்தது.

“போன முறை கடலடியிலை, கல்லுப் பாருக்குள்ளை கால் மாட்டுப்பட்டது. அதுக்குப் பிறகு குதிக்க ஏலாமல் கிடக்கு. நோய்க்காரனைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கமாட்டினம். பயந்தவனைப் பாத்துச் சிரிப்பினம். பிள்ளையின்ரை கலியாணத்தை நான் யோசிக்கேல்லை.”

அல்போன்சம்மாவுக்கு முகம் எரிந்தது. போன வருஷம் பயத்தில் சங்கு குளிப்பை விட்ட ஒருவனை நடுத்தெருவில் மறித்து, “சீலை தரட்டோ?” என்று கேட்டுச் சிரித்தவள் அவள்தான். அன்று பக்கத்தில் நின்ற புருஷன் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

“இன்னொருக்கா ஊதுங்கோ” என்றாள். பேணி உச்சிவரை எழும்பியது.

அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

“உள்ளை வாங்கோ. என்ரை மனிசனுக்குக் கசம் இல்லை. கடலுக்குப் பயம். இனிச் சங்கு குளிக்கமாட்டார்.”

அருளப்பு வந்து பஸ்ரியாம்பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

“இதை வீட்டிலை சொல்ல ஏலாமலோ கசக்காரன் ஆனனீர், சம்பந்தி?”

பஸ்ரியாம்பிள்ளை மனைவியைப் பார்க்கவில்லை. அவளாலும் நிமிர முடியவில்லை.