ஆறு பத்துக்கு வருகிறவர்

புரோக்கர் தள்ளியதும் கேட் கிறீச்சிட்டுத் திறந்தது.

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாப் போயிடும் சார்" என்றார் அவர். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் எண்ணெய் விடுவதும் கிரீஸ் தடவுவதும்தான் அவனுக்குச் சோறு போடுகிற வேலை.

நகரத்தில் அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை. மழை பெய்தால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை படரும். நாலு வயது மகள் சிட்டுவுக்கு மூச்சு இழுக்கும். அந்தச் சுவரை விட்டு வெளியேறினால்தான் பிள்ளை தேறுவாள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயில் ஏறி, ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி வீடு பார்த்தார்கள். ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போனால் வாடகை ஒரு படி இறங்கியது. பயண நேரம் ஒரு படி ஏறியது. கடைசியில், தண்டவாளம் முடிவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால், இந்த வீடு அமைந்தது. இரண்டு அறை. வெயில் விழுகிற ஜன்னல். பிள்ளை ஓடி விளையாட ஒரு துண்டு மண்தரை.

"எனக்கு மனசு ஒப்பலைங்க" என்றாள் மனைவி, தணிந்த குரலில். "ஒத்தை ரூமா இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்துலயே பார்ப்போம். இவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு நீங்க எப்ப போவீங்க, எப்ப வருவீங்க?"

"அந்த ஜன்னலைப் பாரு. காத்து எப்படி வருது பாரு. ஒரு ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்குவோம்."

மருந்துக் கடையில் அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட வேண்டியிருக்கும் என்பது இருவருக்குமே தெரியும்.

"இதுக்கு முன்னாடி யார் இருந்தாங்க?" என்று அவன் கேட்டான்.

"குடும்பஸ்தங்கதான். யாரும் ரொம்ப நாள் தங்கறதில்லை" என்றார் புரோக்கர், சாவியைத் துடைத்தபடி. "தூரம் சார், தூரம்."

முதல் மாதம் நன்றாகத்தான் போயிற்று. சிட்டுவின் இழுப்பு நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. அவன் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். அப்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ரயிலில் நின்றுகொண்டே தூங்கி, நாள் முழுக்கச் சுவர்களுக்கு நடுவே கயிற்றோடும் கம்பியோடும் மல்லுக்கட்டி, இரவு ஒன்பதேகாலுக்குத் திரும்புவான். அப்போதும் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே, "பாப்பா முழிச்சிருக்காளா?" என்று ரகசியக் குரலில் கேட்பான். மனைவி இல்லை என்று தலையை ஆட்டுவாள். அவன் அருகே போய் உட்கார்ந்து, தூங்குகிற மகளின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவான்.

ஒரு ஞாயிறு காலை சிட்டு அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த முயல் கதைய முடி. நேத்து பாதியிலயே போயிட்ட."

"நேத்தா? நான் வந்தப்ப நீ குறட்டை விட்டுக்கிட்டு இருந்தியே!"

"இல்லை. வெளிச்சமா இருந்தப்ப வாசல்ல நின்னு சொன்னியே."

அவன் மனைவியைப் பார்த்தான். "அவளா எதையாவது கற்பனை பண்ணிக்கறா" என்றாள் அவள். ஆனால் சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை, பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறைக்குள் பிரேக்கைக் கழற்றிப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஃபோன் அடித்தது. மனைவி.

"என்னங்க, வந்துட்டா உள்ள வர வேண்டியதுதானே? ஏன் வாசல்லயே நிக்கறீங்க?"

"நானா? நான் இங்க வேலையில இருக்கேன்."



"கேட் கிறீச்சிடற சத்தம் கேட்டுச்சு" என்றாள் மெதுவாக. "ஷூ கழட்டற சத்தமும் கேட்டுச்சு. தினமும் கேக்குதுங்க. பக்கத்து வீடுன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

மணியைப் பார்த்தான். ஆறு பத்து.

"கதவைத் திறக்காதே. பாப்பா எங்க?"

அவள் பதில் சொல்வதற்குள், ஃபோனுக்குள் இருந்து, வெகு தூரத்தில், இன்னொரு குரல் கேட்டது. ஆண் குரல். ஓடி வந்தவன் போல மூச்சு வாங்கியது. யாரையும் எழுப்பிவிடக் கூடாதே என்று அடக்கிப் பேசுகிற குரல்.

"பாப்பா முழிச்சிருக்காளா?"

அவனுடைய கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது.

"முழிச்சிருக்கேன்ப்பா!" என்றாள் சிட்டு, சந்தோஷமாக. "வா!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அதன்பின் ஃபோனில் மனைவியின் மூச்சு மட்டும் கேட்டது.

போட்டது போட்டபடி ஓடினான். அந்த ரயிலில் அவன் நின்ற ஒன்றரை மணி நேரத்தை ஒரு ஜென்மம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கூடத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சிட்டு பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க ஒரு வாடை. இரும்புத் தூள், நனைந்த கரி, நாள் முழுக்க உழைத்தவனின் வியர்வை. ரயில் பெட்டியின் வாடை. தன் சட்டையிலிருந்துதான் வருகிறதோ என்று முகர்ந்து பார்த்தான். இல்லை. இது பழைய வாடை.

"யார் வந்தது?"

"யாரும் வரலைங்க" என்றாள். உதடு காய்ந்திருந்தது. "கதவு தானா திறந்துச்சு. வாசல்ல யாருமே இல்லை. இவ மட்டும் கையை இப்படி மேல தூக்கிக்கிட்டு, யார் விரலையோ பிடிச்ச மாதிரி உள்ள நடந்து வந்தா. பாயில உட்கார்ந்து கதை கேட்டா. சிரிச்சா. ஏழரை மணிக்குத் தூங்கிட்டா. நான் கூப்பிட்டேங்க. அவ என் பக்கம் திரும்பவே இல்லை."

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் துணி தேய்க்கிற அம்மாவிடம் விசாரித்தான். அந்த வீட்டைச் சொன்னதும் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"குழந்தை இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"பொண்ணு. நாலு வயசு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப வருஷம் ஆச்சு. அச்சாபீஸ்ல வேலை பார்த்த மனுஷன். உங்களை மாதிரித்தான், இருட்டுல போவான், இருட்டுல வருவான். வர்றப்ப எல்லாம் குழந்தை தூங்கிக்கிட்டு இருக்கும். ஒரே ஒரு நாள் சீக்கிரம் கிளம்பிட்டான். சாயங்கால வண்டி. அது நிக்கற வரைக்கும் அவனுக்குப் பொறுக்கலை, குதிச்சுட்டான். அந்தப் பிளாட்பாரக் கோடியிலதான்." கையைக் காட்டவில்லை, கண்ணால் காட்டினாள். "பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டே போயிட்டா. அவன் இன்னும் வந்துக்கிட்டு இருக்கான். பெரியவங்க மட்டும் குடியிருந்தா கேட் சத்தத்தோட சரி. குழந்தை இருந்தாத்தான் கேப்பான்."

"என்ன கேப்பான்?"

"உங்களுக்கே தெரியும்னு உங்க முகத்துல எழுதியிருக்கு. குழந்தை பதில் சொல்லிடுச்சா?"

அவன் தலைகுனிந்து நின்றான். அவள் திரும்பிப் பெட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

அன்றே கிளம்பியிருக்கலாம். கிளம்பிப் போக இடம் வேண்டுமே. அக்காவிடம் பேசி, அவள் வீட்டில் ஓர் அறை ஒழிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவன் வேலைக்குப் போகாமல், ஐந்து மணிக்கே கதவைப் பூட்டி, மேசையை இழுத்து முட்டுக்கொடுத்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆறு பத்துக்குக் கேட் கிறீச்சிடும். ஷூ ஒன்று விழும். இன்னொன்று விழும். பிறகு அந்தக் கேள்வி. பூட்டியது பூட்டியபடி இருக்கும், மேசை நகராது. ஆனால் சிட்டுவின் முகம் மலரும்.

அந்த வாடை அவனருகே வந்து உட்காரும்.

அவளுடைய தூக்கம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயிற்று. முதலில் காலை பத்து மணி வரை. பிறகு மத்தியானம் வரை. கடைசியில் ஆறு பத்துக்கு மட்டும் விழித்தாள். ஏழரைக்கு மறுபடி தூங்கிவிட்டாள். தூக்கத்திலேயே கொஞ்சம் பால் குடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இழுப்பின் சுவடே இல்லை என்றார் டாக்டர். நல்ல செய்தி சொல்கிறவர் முகத்தோடுதான் சொன்னார்.

அக்கா வீடு நகரத்துக்குள், மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே கேட் கிடையாது. வாசலில் ஷூ விடவும் இடம் கிடையாது. வந்து சேர்ந்த அன்று மனைவி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இவ்வளவு தூரம் வர மாட்டான் இல்லைங்க?" என்றாள்.

"வர மாட்டான்."

ஆறு மணி ஆயிற்று. கீழே தெருவில் வண்டிகள் ஓடின. பக்கத்து அறையில் அக்கா பாத்திரம் கழுவினாள். ஆறு ஐந்து. அவன் மகளுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கையை ஊன்றி, அவள் முகத்துக்கு நேரே குனிந்திருந்தான். விழித்ததும் அவள் கண்ணில் முதலில் படுவது தன் முகமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

ஆறு பத்து.

எந்தச் சத்தமும் வரவில்லை. கதவு அசையவில்லை. கேள்வியும் இல்லை.

மனைவி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

சிட்டு கண்ணைத் திறந்தாள். நேராக அவனைப் பார்த்தாள்.

"கண்ணு" என்றான். இரண்டு கையாலும் அவளை அள்ளித் தூக்கி, எழுந்து நின்று, மார்போடு அணைத்துக்கொண்டான். அவள் உடம்பு விறைத்தது. கைகளை அவன் தோளுக்கு மேலே, பின்பக்கமாக, எட்டுமட்டும் நீட்டினாள்.

அந்த வாடை அவன் பிடரியில் மோதியது.

"அப்பா" என்றாள் சிட்டு, அழுகையும் பயமுமாக, அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு. "இந்த மாமா என்னைப் பிடிச்சிருக்காரு. கையை எடுக்கச் சொல்லுப்பா."

அவள் உடம்பு நடுங்கியது. நடுங்குவது தன்னைக் கண்டுதான் என்று அவனுக்குப் புரிந்தது. பிள்ளை பயப்படுவதை எந்தத் தகப்பனால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அவன் கைகளை எடுத்தான்.

குழந்தை கீழே விழவில்லை.