இல்லாத காருக்கு வழி

மேம்பாலத்தின் மேல் போய்க்கொண்டிருப்பதாக ஒரு கார் சொன்னது. கேமராவில் மழையும் வெறும் சாலையும்தான் தெரிந்தன.

போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு இது புதிதல்ல. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் அறிவித்தபடியே போகும்; பொய் சொல்லும் வண்டியைப் பிடித்துத் தொடர்பைத் துண்டிப்பதுதான் அவள் வேலை. பக்கத்து வண்டிகளின் சாட்சியைக் கேட்டாலே குட்டு உடைந்துவிடும். ஏசியின் முனகலும் ஆறிப்போன காபியின் வாடையும் நிறைந்த அறையில், விரல்கள் பழக்கத்தில் தாமாகவே சோதனையைத் தொடங்கின.

முன்னால் போன லாரி, பின்னால் வந்த பஸ், எதிரே வந்த வேன், மூன்றும் ஒரே பதிலைச் சொல்லின. இருக்கிறது. மிக அருகில்.

வண்டி எண்ணைப் பார்த்தாள். அவள் கணவருடைய கார். விபத்தில் அவரோடு சேர்ந்து நசுங்கி, பழைய இரும்புக்குப் போன கார்.

அழுகை வரவில்லை. அவர் போனதிலிருந்தே எதுவும் வருவதில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. மேலதிகாரிக்குப் போன் செய்தாள். யாரோ எண்ணைத் திருடிப் போட்டிருக்கிறார்கள், இப்போது வண்டிகளும் நம்மைப் போலப் பொய் சொல்லப் பழகிவிட்டன என்று சிரித்தார்.

போனை வைத்துவிட்டு, காரின் தொடர்பைத் துண்டித்தாள். அறிவிப்பு நிற்கவில்லை. கார் பாலத்திலிருந்து இறங்கியது, சிக்னலைத் தாண்டியது, நீச்சல் குளத்துச் சாலையில் திரும்பியது. மாலையில் நீச்சல் வகுப்பு முடிந்த மகளை அழைத்துவர அவர் போகும் வழி.

மகள் உடனே போனை எடுத்தாள்.

"உள்ள போய் நில்லும்மா. நான் வர்ற வரைக்கும் வெளிய வராத."

"ஏம்மா? அதான் அப்பா வந்துட்டாரே."

குளத்து வாசல் கேமராவைத் திரைக்குக் கொண்டுவந்தாள். நனைந்து மினுங்கும் தார்ச்சாலை. நடுவே, கார் அளவுக்குக் காய்ந்த தரை. மழை அங்கே மட்டும் விழவில்லை. மகள் குடையை மடக்கினாள். குனிந்தாள். உட்கார்ந்தாள்.

ஒன்றுமில்லாத இடத்தில்.

எழ வேண்டும். கத்த வேண்டும். மரத்த உடம்பு அசையவில்லை.

மடியில் பையுடன், முழங்கால் மடங்கி, அந்தரத்தில் அமர்ந்தபடியே மகள் நகரத் தொடங்கினாள். பின்னால் வந்த வண்டிகள் வேகம் குறைத்தன. ஒதுங்கின. வழி விட்டன. மகள் பக்கத்தில் திரும்பி யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்தாள். தோளிலிருந்து இடுப்பு வரை, பெல்ட் இறுக்கியது போல, அவள் சட்டை மெல்ல மடிந்தது.